காற்றாலைக்குக் காணி: விற்பதா, குத்தகைக்குக் கொடுப்பதா, பொறுத்திருப்பதா?

திருகோணமலையில் காணி வைத்திருப்பவரிடம் காற்றாலைப் பேச்சை எடுத்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே சம்பூர் வந்துவிடும். வராமல் எப்படி? 2006 ஏப்ரலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய சனம் அது. ஊர் திரும்பலாம் என்ற பேச்சு வந்தபோது வயலும் வளவும் உயர் பாதுகாப்பு வலயமாகியிருந்தன. பிறகு அனல்மின் நிலையத்துக்கான இடம் என்றார்கள், அப்புறம் முதலீட்டு வலயம் என்றார்கள். முதலீட்டுச் சபை வழியாக ஒரு கம்பனிக்குப் போன 818 ஏக்கர் 2015இல்தான் மக்களுக்கு விடுவிக்கப்பட்டது. 500 மெகாவாட் நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. இப்போது அதே சம்பூரில் இந்திய–இலங்கைக் கூட்டில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம். 2025 ஏப்ரலில் தொடக்கி வைத்தார்கள். மின்சாரத்தின் பேரில் யார் காணி கேட்டு வந்தாலும் ஊர் ஒருமுறை முகத்தைச் சுளிப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சம்பூரில் காணிக்காரரிடம் யாரும் கேட்கவில்லை. தனியார் கம்பனி உங்கள் உறுதிக் காணியை, அதாவது உங்கள் பேரில் உறுதி எழுதப்பட்ட சொந்தக் காணியைக் கேட்டு வருகிறதென்றால், அரசு காணியைச் சுவீகரிக்காத வரை, உங்கள் கையெழுத்து இல்லாமல் வேலை நகராது. ஆகவே எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது என்பதுதான் முடிவு எடுக்க வேண்டிய விஷயம். நான் நொத்தாரிசு ஒருவரிடம் உறுதி எழுதும் வேலையில் இருப்பவன். காகிதப் பக்கத்திலிருந்துதான் எனக்கு இது தெரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுதி சுத்தமாக இருக்கிற மேட்டுக் காணி என்றால் குத்தகைக்குக் கொடுக்கலாம், அதுவும் அயல் காணிக்காரரோடு சேர்ந்து. வயல் என்றால் வேண்டாம். விற்பது எல்லா வழியும் அடைபட்ட பிறகு யோசிக்க வேண்டியது.

எங்கள் காற்று

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் அடிக்கும், மார்கழி தையில் வாடை. இதைப் பார்த்துவிட்டு ‘எங்களிடம் இல்லாத காற்றா’ என்று நினைப்போம். ஆனால் அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வுகூடம் 2003இல் இலங்கைக்கு வரைந்த காற்று வரைபடத்தில் முதல் வரிசை கற்பிட்டியிலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரையான கரைக்கும் மலைநாட்டுக்கும்தான். திருகோணமலை அந்த வரிசையில் இல்லை. அதனால் இங்கே வருகிற கம்பனி எடுத்த எடுப்பில் காற்றாலை கட்டாது. உயரமான கம்பம் நட்டுக் குறைந்தது ஒரு வருடம் காற்றை அளக்கும். அளந்து முடியும் வரை வேறு யாருக்கும் காணி போகாதபடி உங்களைக் கட்டிப்போட ஒரு காகிதம் நீட்டும். இதைப் பிறகு பார்ப்போம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஒரு காற்றாலை எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சார சபை 2020 டிசம்பரில் திறந்த மன்னார் தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 காற்றாலைகள். ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. விசிறி சுற்றும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். இவ்வளவு பெரிய சாமானுக்கு நிலத்தில் நிரந்தரமாகத் தேவைப்படுவது சுமார் ஒன்று முதல் இரண்டு ஏக்கர்தான்: கொங்கிரீட் அத்திவாரம், கிரேன் நிற்கும் தளம், உள்ரோட்டு. ஆனால் ஒன்றின் காற்றை மற்றது மறைக்காதிருக்க பல நூறு மீற்றர் இடைவெளி விட்டு நடுவார்கள். பத்துப் பேரின் காணி வரிசையாகக் கிடந்தால் ஒருவருக்கோ இருவருக்கோதான் காற்றாலை விழும். இரைச்சல் பத்துப் பேருக்கும். 500 மீற்றரில் சுமார் 40 டெசிபெல் இருக்கும். பகலில் காதில் விழாது, ஊர் அடங்கிய பிறகு விழும்.

காணிக்காரர்களின் மனநிலை பற்றி வெளிநாடுகளில் செய்த ஆய்வுகள் இந்த இடத்தில் உதவுகின்றன. நெதர்லாந்தில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், காற்றாலையால் வருமானம் பெறுகிறவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலான சத்தத்துக்குள் இருந்தும் அது தொல்லை என்று அநேகமாகச் சொல்லவே இல்லை. அமெரிக்காவில் காற்றாலையிலிருந்து 5 மைலுக்குள் வசிக்கும் 1,700 பேருக்கு மேல் கேட்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில் 57 சதவீதம் பேர் ஆதரவு, 8 சதவீதம் பேர் மட்டுமே எதிர்ப்பு. அரை மைலுக்குள் போனால் எதிர்ப்பு கால்வாசிக்கு ஏறுகிறது. திட்டம் நியாயமாக நடத்தப்பட்டது என்று நினைத்தவர்கள்தான் பெரும்பாலும் அதைப் பிறகும் ஏற்றுக்கொண்டவர்கள். 2025இல் மன்னாரில் புதிய காற்றாலைகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கிய சனத்தின் கோபத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். தங்களைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்பது அங்கே பெரிய குறை. ரோட்டுகள் போட்ட பிறகு மழைவெள்ளம் வடியாமல் நிற்கிறது என்பது இன்னொரு குறை.

எங்கள் பக்கத்தில் மனநிலை குடும்பத்துக்குள்ளேயே பிரிந்து கிடக்கிறது. கனடாவிலிருக்கிற அண்ணன் ‘வித்துப்போட்டுப் பங்கைப் பிரிப்பம்’ என்பார். விதைக்கிற தம்பி ‘ஒரு முழம்கூடக் குடுக்கமாட்டன்’ என்பார். காணியோ அநேகமாக அக்காவின் சீதனம், உறுதி அவர் பேரில் இருக்கும். புரோக்கர் அத்தானோடுதான் பேசிக்கொண்டிருப்பார். காணியே இல்லாமல் அந்தத் தரையில் மாடு மேய்க்கிறவரை யாரும் கேட்பதே இல்லை.

விற்றால்

தமிழ்நாட்டில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு பக்கம் நடந்தது பெரும்பாலும் விற்பனை. அங்கே காற்றாலை 1980களின் பிற்பாதியில் தொடங்கியது. இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல். விற்றவர்களுக்கு ஒருமுறை காசு கிடைத்தது. அதன் பிறகு அந்தக் காற்றுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

விற்பதில் ஒரே நியாயம் குடும்பச் சிக்கல். பிரிக்கப்படாத பங்குக் காணி, நாலு பங்குக்காரர் நாலு நாட்டில், ஒருவர் தன் சார்பில் கையெழுத்துப் போட அற்றோணித் தத்துவம் அனுப்பிவிட்டார், மற்றவர் அனுப்பவில்லை. இப்படிப்பட்ட காணியில் 20 வருடக் குத்தகையை நடத்தி வருடாவருடம் பங்கு பிரிப்பதைவிட விற்றுவிடுவது நிம்மதிதான். பார்க்க ஆளில்லாத வயதானவர்களுக்கும் அப்படியே.

மற்றவர்களுக்கு விற்பது நட்டம். காற்றை அளப்பதற்கு முன்னால் விற்கும்போது அந்த நிலத்தின் உண்மையான பெறுமதி உங்களுக்கும் தெரியாது. வாங்குகிறவர் கொஞ்சம் ஊகித்திருப்பார். தென்னந்தோப்பு வைக்க என்று சொல்லி வாங்கிவிட்டு நாளைக்கே கம்பனிக்கு மாற்றலாம். எதற்காக வாங்குகிறார் என்று விற்பனை உறுதியில் எழுதும் வழக்கம் இல்லை. அப்படி எழுதினாலும் அவரைத் தடுக்க உங்களால் முடியாது.

குத்தகை என்றால்

முதலில் கணக்கு. மன்னாரில் இருக்கிற அதே 3.45 மெகாவாட் காற்றாலை உங்கள் காணியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மன்னார் காற்று இங்கே இல்லை என்பதால், முழுத் திறனில் 30 சதவீதம் ஓடுகிறது என்று எடுப்போம். வருடத்துக்குச் சுமார் 90 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 14 ரூபா என்றால் 12.6 கோடி ரூபா. அதில் 2 சதவீதம் காணிக்காரருக்கு என்றால் வருடத்துக்கு 25 லட்சம். இது என் ஊகக் கணக்கு. யாரும் தருவதாகச் சொன்ன தொகை கிடையாது. ஆனால் வருமானத்தில் ஒரு சதவீதப் பங்கு என்பது அமெரிக்கக் குத்தகைகளில் சாதாரணமாகக் காணப்படுகிற முறை. இங்கேயும் வாய் திறந்து கேட்கலாம்.

இதை வயலோடு ஒப்பிடுங்கள். ஏக்கருக்கு 1,800 கிலோ விளைந்து, நாட்டு நெல்லுக்கு 2025இல் அரசு அறிவித்த 120 ரூபா கிடைத்தால் ஒரு போகத்துக்கு 2,16,000 ரூபா. உழவு, உரம், மருந்து, வெட்டுக்கூலி என்று பாதி போய்விடும். ஆகவே ஒன்றரை ஏக்கரில் 25 லட்சம் என்பது மலைக்க வைக்கிற தொகைதான். அப்படியானால் வயலைக் கொடுக்க வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்? தண்ணீருக்காக. கனரக லொறி போகிற ரோட்டை உயர்த்தித்தான் போடுவார்கள். மாவிலாற்றுத் தண்ணீர் பாய்கிற வயல்களுக்கு நடுவே அப்படி ஒரு அணை எழும்பினால், மேல்பக்கம் வெள்ளம் நிற்கும், கீழ்ப்பக்கம் வாய்க்கால் காயும். உங்களுக்கு 25 லட்சம், உங்களுக்குக் கீழே விதைக்கிற பத்துப் பேருக்கு வருடாவருடம் வழக்கு. தவிர, நெற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்த 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். குச்சவெளி, திரியாய்ப் பக்கத்து மணல் மேட்டுக்கும் பற்றைக் காட்டுக்கும் இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை.

இப்போது, முதலில் நீட்டப்படுகிற காகிதம். ‘காற்றை அளக்க மட்டும்தான்’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். அதற்குள்ளேயே பிறகு வரப்போகும் குத்தகைக்கான சம்மதமும், சில நேரம் வாடகைத் தொகையும் எழுதியிருக்கும். அளவை முடிய மூன்று வருடம், அதை நீடிக்க இன்னும் இரண்டு வருடம் என்று போனால், ஐந்து வருடம் உங்கள் காணியை விற்கவோ ஒத்தி வைக்கவோ முடியாது. அந்தக் காலத்துக்கும் வருடக் காசு கேளுங்கள். குத்தகையின் விதிகளை அப்போதே பேசி முடித்துவிடுங்கள். கம்பம் நட்ட பிறகு பேரம் பேசும் பலம் உங்கள் கையில் இருக்காது.

ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா இப்படியொரு வரைவைக் கொண்டுவந்து காட்டினார். இங்கிலீசில் இருந்தது. வாடகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “தம்பி, இதில மாடு போற வழி எங்க எழுதிக்கிடக்கு?” என்றுதான் கேட்டார். தேடிப் பார்த்தேன், எங்குமே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம் கடைசிப் பக்கத்து அட்டவணையில் இருந்தது. காற்றாலைக்குத் தேவை ஒன்றரை ஏக்கர். ஆனால் அட்டவணையில் அவருடைய உறுதியில் உள்ள 11 ஏக்கரும் எல்லைகளோடு அப்படியே இறக்கி எழுதப்பட்டிருந்தது. உள்ளே ஒரு விதியில் ‘முழு உடைமையும் குத்தகைக்காரருக்கே’ என்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்தால், அவர் மாட்டுப்பட்டிக்குள் நுழையவே கம்பனியிடம் அனுமதி கேட்க வேண்டும். எத்தனை பக்கம் இருந்தாலும் அட்டவணையை முதலில் வாசியுங்கள். நில அளவையாளரைக் கொண்டு அத்திவாரமும் ரோட்டும் போகிற துண்டை மட்டும் தனியாக அளந்து, அந்தப் பிளானில் உள்ள துண்டை மட்டும் குத்தகைக்குக் கொடுக்க வேண்டும். மீதியில் மேய்ச்சலும் பயிரும் உங்களுடையது என்று எழுத்தில் வர வேண்டும். காற்றாலைக்குக் கீழே மாடு மேயலாம், கடலை போடலாம். உலகத்தில் பல இடங்களில் அப்படிச் செய்கிறார்கள்.

வாடகையைக் குறித்த ரூபாத் தொகையாக எழுதிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2022 சாட்சி. 2019இல் ஒரு டொலர் 180 ரூபா அளவில் இருந்தது. 2022 மே மாதம் 360 அளவுக்குப் போனது. வருடம் ஐந்து லட்சம் என்று 2019இல் கையெழுத்துப் போட்டவருக்கு மூன்று வருடத்தில் டொலர்க் கணக்கில் பாதி போயிருக்கும். அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. மறுபக்கம், வெறும் சதவீதம் மட்டும் என்றாலும் ஆபத்துத்தான். 2025 சித்திரை வருடப் பிறப்பில் மின் தேவை குறைந்தபோது கூரைச் சூரிய மின்கலங்களை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். காற்றாலைக்கும் அந்த நிலை வரலாம். யூனிட் ஓடாவிட்டால் உங்கள் சதவீதமும் ஓடாது. ஆகவே விலைவாசியோடு ஏறுகிற ஒரு குறைந்தபட்ச வாடகை, அல்லது வருமானத்தில் சதவீதம். இரண்டில் எது கூடவோ அது. இந்த ஒரு வரிக்காகப் பேச்சு முறிந்தாலும் முறியட்டும் என்பேன்.

அப்புறம் முடிவைப் பற்றிய விதி. ஒரு காற்றாலையின் ஆயுள் 20, 25 வருடம். அதன் பிறகு அதைக் கழற்றி, கொங்கிரீட்டை உடைத்து அள்ளுவது யார் செலவில்? ‘கம்பனி அகற்றும்’ என்ற வாக்கியம் போதாது. அன்றைக்குக் கம்பனி இருக்குமோ என்னவோ. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் கட்டுவதாக வந்த இந்தியாவின் அதானி கம்பனி 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அவ்வளவு பெரிய கையே விலகும் என்றால், சிறிய கம்பனி திட்டத்தை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போவது பெரிய காரியமில்லை. அகற்றும் செலவுக்கு வங்கி உத்தரவாதம் கேளுங்கள். குத்தகை கைமாறினால் உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், புதியவரையும் அதே விதிகள் கட்டுப்படுத்த வேண்டும். கம்பனி கடன் எடுக்கும்போது தன் குத்தகை உரிமையை ஈடு வைக்கலாம். உங்கள் காணியை வைக்கக்கூடாது.

புயலையும் மறக்க வேண்டாம். 1964 டிசம்பரில் அடித்த புயலை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி திரியாய்–குச்சவெளிப் பக்கத்தால்தான் கரையேறியது. காற்று வினாடிக்கு 25 மீற்றர் அளவைத் தாண்டினால் இந்த இயந்திரங்கள் தானாக நின்றுவிடும். ஆனாலும் ஒரு துண்டு உடைந்து பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்தால் நட்ட ஈடு கம்பனியின் காப்புறுதியிலிருந்து வர வேண்டும், காணிக்காரர் தலையில் விழக்கூடாது என்று ஒரு வரி இருக்கட்டும்.

பக்கத்துக் காணிக்காரரோடு சேர்ந்து

பத்துப் பேரில் ஒருவருக்குக் காசு, ஒன்பது பேருக்கு இரைச்சல் என்றால் ஊர் இரண்டாகும். கோயில் திருவிழாவில் இருந்து கமக்காரர் அமைப்பு வரை அது தெரியும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பண்ணைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து கம்பனிகளோடு பேரம் பேசியிருக்கிறார்கள். டென்மார்க்கில் 2009 முதல் சில வருடங்களுக்கு, புதிய காற்றாலையின் 20 சதவீதப் பங்கை அயலில் வசிப்பவர்கள் விலைக்கு வாங்க வழிவிட வேண்டும் என்று சட்டமே இருந்தது. 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. அதனால் பங்கு உரிமை பற்றிய கனவை விட்டுவிட்டு, வாடகையைப் பிரிப்பது பற்றி யோசிப்பது நல்லது.

நான் சொல்வது இது: ஒரே வரிசையில் காணியுள்ளவர்கள் முதலிலேயே தங்களுக்குள் எழுதிக்கொள்வது. காற்றாலை யாருடைய நிலத்தில் விழுகிறதோ அவருக்கு வாடகையில் பாதி. மீதி, ஏக்கர் கணக்கில் எல்லோருக்கும். அப்போது எந்த இடத்தில் நடுவது என்று கம்பனி தீர்மானித்தாலும் சண்டை வராது. தனித்தனியாகப் பிடித்து விலை குறைக்கும் வேலையும் நடக்காது. மூதூர், தோப்பூர்ப் பக்கம் தமிழ், முஸ்லிம் காணிகள் ஒன்றை ஒன்று தொட்டுக் கிடக்கின்றன. அங்கே இரண்டு பக்கமும் ஒரே காகிதத்தில் இருந்தால்தான் இது சரிவரும். மேய்ச்சல்காரருக்கு வழிவிடுகிற விதியையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.

சூரிய மின்சாரத்துக்குக் கொடுப்பது இதைவிடச் சுலபமான பேச்சு. ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் போகும், முழுவதையும் வேலி அடைத்துவிடுவார்கள். பயிரும் மேய்ச்சலும் இல்லாத வெறுந்தரை என்றால் யோசிக்கலாம்.

பொறுத்திருப்பதும் ஒரு வழிதான். காற்று எங்கும் போய்விடாது, மன்னாரில் நடப்பதைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் செலவு உண்டு. அதானியோடு 2024இல் பேசிய விலை யூனிட்டுக்கு 8.26 அமெரிக்கச் சதம். அதன் பிறகு மன்னாரில் 50 மெகாவாட் திட்டத்துக்கு ஒப்புக்கொண்ட விலை 5 சதத்துக்கும் குறைவு. கம்பனிக்குக் கிடைப்பது இப்படி இறங்கினால் காணிக்காரருக்கு மிஞ்சுவதும் இறங்கும். வயல்காரர் தாராளமாகப் பொறுத்திருக்கலாம். மேட்டுக் காணிக்காரர் பொறுத்திருக்கிற நேரத்தில் பங்குக்காரரிடம் சம்மதக் கையெழுத்தும் பதிவகத்தில் காணியின் பதிவு விபரமும் எடுத்து வைக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதிக் காணிக்கு. எங்கள் மாவட்டத்தில் ஏராளமானோர் வைத்திருப்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த பேர்மிட் காணி அல்லது அளிப்புக் காணி. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. கம்பனி ஆள் ‘அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று முத்திரை ஒட்டிய காகிதத்தை நீட்டினால், எழும்பி நேரே பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போங்கள். உறுதிக் காணியானாலும் சரி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் சட்டத்தில் செல்லாது. கையெழுத்துப் போட வேண்டியது உறுதியில் பெயர் உள்ளவர், அநேகமாக அக்காவே. அத்தான் சாட்சிக் கையெழுத்து வைக்கலாம்.